துருவத்து ஊரில் ஒரு சர்வகலாசாலை

1968-ஆம் ஆண்டு மார்ச் 28-ஆம் தேதி நார்வே தேசத்துப் பாராளுமன்றம், ட்ரோம்ஸோ என்னும் தீவு நகரத்தில் ஒரு சர்வகலாசாலையை ஸ்தாபிப்பதென்று தீர்மானம் செய்தது. துருவ வட்டத்துக்கும் வடக்கே ஏறக்குறைய முந்நூற்றைம்பது கிலோமீட்டர் தள்ளியிருப்பதும், நவம்பர் கடைசியில் மறைகிற சூரியன் ஜனவரி நடுவில்தான் மறுபடி தலைகாட்டுவதும், ரயில் பாதை என்பதே இன்றுவரை எட்டிப் பார்க்காததும், கரையோடு சேர்க்கும் பாலம் 1960-லும் விமான நிலையம் 1964-லும் வந்து சேர்ந்ததுமான அந்த ஊரில், சுற்றுவட்டாரத்தையும் கூட்டிக் கணக்கெடுத்தாலும் அப்போது முப்பதாயிரத்துச் சொச்சம் ஜனங்களே வாசம் செய்துவந்தார்கள். ஒஸ்லோ சர்வகலாசாலை பிறந்தது 1811-இல். அடுத்ததான பெர்கன் சர்வகலாசாலை பிறப்பதற்கு 1946 வரையில் பொறுத்திருக்க வேண்டியதாயிற்று. இவ்வளவு நிதானமாக நடப்பவர்கள் பனிக்கும் மீனுக்கும் பேர்போன ஓர் ஊரைத் தேர்ந்தெடுத்ததன் காரணம் என்னவென்று விசாரித்தால், வித்யாபிமானத்தைக் காட்டிலும் வைத்தியர் பஞ்சமே பிரதானமாக நின்றது என்று தெரியவருகிறது.

நூர்லான், ட்ரோம்ஸ், ஃபின்மார்க் என்ற மூன்று மாவட்டங்களும் சேர்ந்ததே வட நார்வே. தேசத்தின் நிலப்பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம் அதனுடையது. ஜனத்தொகையிலோ அந்நாளில் எட்டில் ஒரு பங்குதான். 1944-இல் பின்வாங்கிச் சென்ற ஜெர்மானியப் படை ஃபின்மார்க்கையும் ட்ரோம்ஸின் வடபகுதியையும் வீடு, படகுத்துறை, ஆஸ்பத்திரி என்று பேதம் பாராமல் தீக்கிரையாக்கிவிட்டுப் போன பிறகு, குடிகள் திரும்பி வந்து சாம்பலின் மீது ஊர்களை மறுபடி எழுப்பினார்கள். வீடுகள் எழும்பின, படகுகளும் வந்தன, ஆனால் வைத்தியர்கள் வரவில்லை. வந்தவர்களும் ஒரு குளிர்காலத்தைக் கழித்துவிட்டுத் தெற்கே இடம் காலியானதும் கிளம்பிவிட்டார்கள். இந்த மண்ணில் பிறந்த கெட்டிக்காரப் பிள்ளைகளாவது திரும்புவார்களா என்றால், ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஒஸ்லோவில் ஏழெட்டு வருஷம் படித்து, அங்கேயே சிநேகமும் கல்யாணமும் உத்தியோகமும் சம்பாதித்துக்கொண்டவர்களிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமும் அல்ல.

ஆட்சேபங்களுக்குக் குறைவிருக்கவில்லை. பேராசிரியர்கள் அங்கே போகமாட்டார்கள், புஸ்தகசாலை கிடையாது, வித்வான்கள் கூடிப் பேசும் சூழ்நிலை கிடையாது, சிறிய தேசத்தின் பணத்தை நாலு மூலைக்கும் சிதறடித்தால் எங்கும் உருப்படியான சாஸ்திரம் வளராது என்றெல்லாம் தெற்கே பேசினார்கள். இவற்றில் சிலவற்றை வெறும் பொறாமை என்று தள்ளிவிட முடியாது. ஆனாலும், 1872 முதல் அந்த ஊரில் ஒரு நல்ல பொருட்காட்சிசாலை நடந்துவந்ததையும், துருவ ஒளியை ஆராயும் வானாராய்ச்சி நிலையம் 1928 முதல் அங்கே இருந்ததையும் ஆட்சேபித்தவர்கள் கணக்கில் சேர்த்துக்கொண்டதாகத் தெரியவில்லை. துருவ ஒளியைப் பற்றி ஆராய்வதற்கு ஒஸ்லோவைவிட ட்ரோம்ஸோ வசதியான இடம் என்பதை எடுத்துச் சொல்ல ஒரு பண்டிதர் தேவையில்லை அல்லவா? பிற்பாடு இரண்டு ஸ்தாபனங்களும் சர்வகலாசாலையோடு ஐக்கியமாயின.

இந்த முயற்சிக்குத் தலைமை வகித்தவர் பேட்டர் யோர்ட் என்ற இரத்த நோய் நிபுணர். ஒஸ்லோவில் கீர்த்தியோடு இருந்தவர், அதை விட்டு வந்து இடைக்கால நிர்வாக சபையை நடத்தி, 1972-இல் அரசர் ஐந்தாம் ஓலாவ் சர்வகலாசாலையைத் திறந்துவைத்தபோது அதன் முதல் ரெக்டராகவும் இருந்தார். பின்தங்கிய பிரதேசம் என்றால் முதலில் ஓர் ஆசிரியப் பயிற்சிப் பள்ளி, அப்புறம் ஒரு கலைக் கல்லூரி, பணம் மிஞ்சினால் வைத்தியம் என்று போவதுதான் உலக வழக்கம். எல்லாவற்றிலும் செலவு மிகுந்ததும், கடினமானதும், தெற்கத்தியர்கள் தங்கள் ஏகபோகமென்று கருதியதுமான வைத்திய சாஸ்திரத்தையே முதல் வரிசையில் வைத்து ஆரம்பித்ததில்தான் இவர்களுடைய துணிச்சல் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். 1973-இல் முதல் வைத்திய மாணவர்கள் சேர்ந்தார்கள். முதல் சில வருஷங்கள் பிரேதத்தையும் புஸ்தகத்தையும் மட்டும் பார்த்துவிட்டுப் பிறகே நோயாளியைப் பார்ப்பது என்ற பழைய முறையைக் கைவிட்டு, ஆரம்பத்திலிருந்தே நோயாளிகளின் முன்னிலையில் அவர்களை நிறுத்தினார்கள். மீன்பிடி கிராமத்து வைத்தியரோடும் மாவட்டத்துச் சிறிய ஆஸ்பத்திரியிலும் சில மாதம் தங்கி வேலை கற்பதைப் பாடத்திட்டத்தின் ஓர் அங்கமாகவே வைத்தார்கள். வடக்கத்திய மாணவர்களுக்கென்று இடங்களை ஒதுக்கியும் வைத்தார்கள்.

இதன் பலனைக் கணக்கெடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 1979 முதல் 1988 வரையில் பட்டம் பெற்ற வைத்தியர்களில் நூற்றுக்கு 56 பேர் வடக்கிலேயே தங்கிவிட்டார்கள். வடக்கில் பிறந்து வளர்ந்தவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் அந்த விகிதம் 82. தெற்கே வளர்ந்து இங்கே வந்து படித்தவர்களில் 38. இந்த மூன்று எண்களுக்குள் சர்வகலாசாலையின் நியாயம் முழுவதும் அடங்கியிருக்கிறது. கட்டடத்தை வடக்கே கட்டினால் மட்டும் போதாது, அதற்குள் யாரை உட்காரவைக்கிறோம் என்பதே முக்கியம் என்று அவை சொல்லுகின்றன. அதே சமயத்தில், தெற்கத்திப் பிள்ளைகளிலும் மூன்றில் ஒருவருக்கு மேல் அந்த இருட்டையும் குளிரையும் சகித்துக்கொண்டு தங்கிவிட்டார்கள் என்பதையும் சொல்லுகின்றன.

வைத்தியத்துக்கு அடுத்தபடி மீன். மீன்பிடித் தொழிலுக்கென்றே ஒரு கல்லூரியை ட்ரோம்ஸோவில் வைத்து, மீனின் உயிரியல், பதனிடும் முறை, வியாபாரம், சட்டம் எல்லாவற்றையும் ஒரே மாணவன் ஐந்து வருஷத்தில் கற்றுத் தேறும்படி ஒரு பட்டத்தை ஏற்படுத்தினார்கள். சமூக சாஸ்திரத்திலும் இதே கண்ணோட்டம்தான். ஸென்யா தீவில் பிறந்த ஒட்டார் புரோக்ஸ் என்ற சமூகவியலாளர், 1966-இல் வட நார்வேயில் நடப்பது என்ன என்று கேட்டு ஒரு சிறு நூல் எழுதி, பாதி நாள் கடலிலும் பாதி நாள் சிறு நிலத்திலும் உழைத்துப் பிழைக்கும் குடியானவனைப் பிற்போக்குக்காரன் என்று கருதி நகரத்துத் தொழிற்சாலைக்குத் துரத்துகிற தலைநகரத்துத் திட்டக்காரர்களை, அவன் குடும்பத்துக் கணக்கு உங்களுக்குப் புரியவில்லை ஐயா என்று மடக்கினார். அவரையே சர்வகலாசாலை பேராசிரியராக்கிக்கொண்டது.

நம்மவர்களுக்கும் இந்தக் கடற்கரையோடு ஒரு சம்பந்தம் உண்டு. உள்ளூர் வாலிபர்கள் படிப்பையும் பட்டணத்தையும் நாடிப் போனதால் மீன் வெட்டும் மேசைகளில் ஆள் குறைந்தபோது, எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் அந்த இடத்தை நிரப்பியவர்களில் யுத்தத்துக்குத் தப்பி வந்த ஈழத்தமிழர்கள் பலர். யாழ்ப்பாணத்து வெயிலில் வளர்ந்தவர்கள் ஃபின்மார்க் கிராமங்களில் பனிக்காலத்தைக் கழித்தார்கள். பிள்ளைகளின் படிப்பைக் கருதி அவர்களிலும் பலர் பிறகு ஒஸ்லோ பக்கம் போய்விட்டார்கள்.

ஆராய்ச்சியின் விஷயமாக ஒன்று சொல்லவேண்டும். அந்நாளில் நார்வேயின் ஆடவர்கள் நடுவயதிலேயே இருதய நோயால் அதிகமாக மாண்டுவந்தபடியால், 1974-இல் சர்வகலாசாலையார் ட்ரோம்ஸோ நகரத்து ஜனங்களையே அழைத்துப் பரிசோதிக்க ஆரம்பித்தார்கள். சில வருஷங்களுக்கு ஒருமுறை மறுபடியும் அழைத்து இன்றுவரை அந்தக் காரியத்தைத் தொடர்ந்து நடத்திவருகிறார்கள். அதிகம் காப்பி குடிப்பவர்களின் இரத்தத்தில் கொழுப்பும் அதிகம் என்று 1983-இல் அவர்கள் வெளியிட்டபோது உலகமெங்கும் பரபரப்பு உண்டாயிற்று. வடக்கத்தியர்கள் காப்பித்தூளைக் கெட்டிலில் போட்டுக் கொதிக்கவைத்து அப்படியே குடிப்பவர்கள் என்பதும், அதனால் காப்பியிலுள்ள எண்ணெய்ப் பசை முழுவதும் உள்ளே இறங்கிவிடுகிறது என்பதும், காகிதத்தில் வடிகட்டினால் அது நின்றுவிடுகிறது என்பதும் பின்னால் தெளிவாயின. நம் வீட்டுப் பித்தளை ஃபில்டரில் காகிதம் கிடையாது என்பதைக் காப்பிப் பிரியர்கள் குறித்துக்கொள்ளலாம்.

சாமி என்ற ஆதிகுடிகளின் விஷயத்தில் வேகம் போதவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து இரண்டாம் உலக யுத்தம் முடியும் வரையில் அவர்களுடைய பாஷையைப் பள்ளிக்கூடத்திலிருந்து விலக்கி, அவர்களை நார்வேஜியர்களாக்கிவிடுவதே ராஜாங்கத்தின் கொள்கையாக இருந்தது. அந்தக் குழந்தைகளின் பேரப்பிள்ளைகள் தங்கள் பாஷையையும் சரித்திரத்தையும் சர்வகலாசாலை வகுப்பில் படிக்கிறார்கள் என்பது சாதாரண மாறுதல் அல்ல. இருந்தாலும் சாமி ஆராய்ச்சிக்கென்று தனி நிலையம் ஏற்பட 1990 வரையில் ஆயிற்று. இன்று சர்வகலாசாலை தன் பெயரை நார்வேஜிய மொழியிலும் வட சாமி மொழியிலும் எழுதிக்கொள்கிறது.

ஆனால் ட்ரோம்ஸோவின் வெற்றியே ஒரு புதிய சங்கடத்தை விளைவித்திருக்கிறது. ஊர் இன்று எழுபத்தையாயிரம் ஜனங்களைத் தாண்டி வளர்ந்துவிட்டது. சுற்றியுள்ள மீன்பிடி கிராமங்களோ மெலிந்துகொண்டே வருகின்றன. ஃபின்மார்க்கின் கிழக்குக் கோடியில் இருக்கும் பெற்றோருக்கு, பிள்ளை ஒஸ்லோவில் தங்கிவிட்டாலும் ட்ரோம்ஸோவில் தங்கிவிட்டாலும் ஒன்றுதான். முன்பு ஒஸ்லோவை நோக்கி ட்ரோம்ஸோ சொன்ன குறைகளையெல்லாம் இப்போது ட்ரோம்ஸோவை நோக்கிக் கிழக்கே சொல்லுகிறார்கள். 2013-இல் ஃபின்மார்க் கல்லூரியும் 2016-இல் ஹார்ஸ்டாட், நார்விக் கல்லூரிகளும் சர்வகலாசாலையோடு இணைக்கப்பட்டன. இணைத்ததனாலேயே பேராசிரியர்கள் இடம்பெயர்ந்துவிடவில்லை. 2017 முதல் வைத்திய மாணவர்களில் சிலர் மட்டும் தங்கள் படிப்பின் கடைசி வருஷங்களை ட்ரோம்ஸோவில் அல்லாமல் ஃபின்மார்க்கிலேயே, ஹாமர்ஃபெஸ்ட் ஆஸ்பத்திரி முதலான இடங்களில் கழித்துவருகிறார்கள். யோர்ட் காலத்தவர்கள் தெற்கிலிருந்து வடக்கே வகுப்பறையைக் கொண்டுவந்த அதே யுக்தியை வடக்குக்குள்ளேயே இன்னொரு முறை செய்துபார்க்கும் இந்த ஏற்பாடு சரியானதுதான். இருபது வருஷம் முன்னதாகவே செய்திருக்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம்.