வீட்டில் கட்டிய விமானமும் நம்மூர் ஏற்றமும்

ரயில்வேயில் முப்பத்தாறு ஆண்டுகள் குப்பை கொட்டியவனுக்கு ஆகாய விமானத்தில் என்ன வேலை என்று நம் சங்கத்து அன்பர்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது.

2023 ஜூலையில் நானும் என் மனைவியும் அமெரிக்காவில், ஒஹையோ மாநிலத்தின் டேட்டன் நகருக்கு அருகில் உள்ள மகன் வீட்டுக்குப் போயிருந்தோம். பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். இரண்டு பேர் அமரக்கூடிய சிறு விமானம் ஒன்றைத் தம் கார் ஷெட்டிலேயே ஆறு வருடம் உழைத்துக் கட்டியிருந்தார். அங்கே இதற்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. வேலையில் பாதிக்கு மேல் பொழுதுபோக்காகவோ கற்றுக்கொள்வதற்காகவோ தாமே செய்திருக்க வேண்டும்; அரசுப் பரிசோதனை உண்டு; சோதனைப் பறப்பு மணிநேரங்கள் முடியும்வரை பயணி யாரையும் ஏற்றக் கூடாது. இப்படி விமானம் கட்டுபவர்களுக்கென்று 1953 முதல் ஒரு சங்கமே இருக்கிறது. ஆண்டுதோறும் ஜூலை கடைசியில் விஸ்கான்சின் மாநிலத்து ஆஷ்காஷ் ஊரில் அவர்கள் திருவிழாப் போல் கூடுகிறார்கள். விமானத்தின் இறக்கைக்குக் கீழேயே கூடாரம் போட்டுத் தங்குவார்களாம்.

அந்தத் திருவிழாவுக்கு அவரோடு பறந்து போவதாக என் மகன் ஒப்புக்கொண்டிருந்தான். விஷயம் அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. "ரயில் தடம் புரண்டால் இறங்கி நடக்கலாம். இது என்ன?" என்றாள் என் மனைவி. நான் பதில் சொல்லவில்லை. மறுநாள் காலையில் பக்கத்து வீட்டுக்குப் போனேன்.

ஏற்றம் சொல்லும் பாடம்

நம்மூர் ஏற்றத்தை நினைத்துப் பாருங்கள். துலாவின் மேல் நிற்கும் ஆள் கிணற்றுப் பக்கம் நாலடி நடந்தால் சால் இறங்குகிறது. பின்பக்கம் நடந்தால் ஏறுகிறது. ஆளின் எடை மாறவில்லை, நிற்கும் இடம்தான் மாறியது. எடையைத் தூரத்தால் பெருக்கி வருவதைத் திருப்புத்திறன் என்று பள்ளியில் படித்தோம். ஒரு பொருளின் மொத்த எடையும் எந்தப் புள்ளியில் இருப்பதாகக் கொள்ளலாமோ அதுவே ஈர்ப்பு மையம்.

விமானத்துக்கு இந்த மையம் முன்பக்கமாக இருக்க வேண்டும். அம்பின் முனையில் இரும்பும் வாலில் இறகும் இருப்பதால்தான் அது நேராகப் போகிறது. திருப்பிப் பிடித்து எய்தால் குட்டிக்கரணம் போடும். மையம் அளவுக்கு மேல் முன்னால் போனால் மூக்கு கனத்து, தரையிறங்கும்போது அதைத் தூக்க வாலின் பலம் போதாமல், முன்சக்கரம் உடையலாம். அளவுக்கு மேல் பின்னால் போனால் அதைவிட ஆபத்து. வேகம் குறைந்து இறக்கை தூக்கும் சக்தியை இழக்கும்போது, நல்ல விமானம் தானே மூக்கைத் தாழ்த்தி வேகத்தை மீட்டுக்கொள்ளும். வால் கனத்த விமானம் அப்படிச் செய்யாது. சுழன்று விழ ஆரம்பித்தால் விமானியால் நிறுத்த முடியாமலே போகலாம். இதில் ஒரு வஞ்சகமும் உண்டு: மையம் பின்னால் நகர நகர, கைப்பிடி லேசாக, சுகமாகத்தான் இருக்கும்.

டேட்டன் ரைட் சகோதரர்களின் ஊர். 1903இல் அவர்கள் பறந்த விமானத்தின் மையம் மிகவும் பின்தள்ளி இருந்ததால் அது மேலும் கீழுமாகத் துள்ளியது. 1904இல் டேட்டனை அடுத்த ஹஃப்மன் புல்வெளியில், புதிய விமானத்தின் முன்பக்கத்தில் சுமார் 70 பவுண்டு, அதாவது 32 கிலோ இரும்பைக் கட்டிப் பறந்தார்கள். ஒவ்வொரு கிலோவையும் குறைக்கப் பாடுபட்டவர்களே வேண்டுமென்று பாரம் ஏற்றினார்கள். விமானம் முன்னைவிடச் சொன்னபடி கேட்டது. முழுத் தீர்வு 1905இல், முன்பக்க எலிவேட்டரைப் பெரிதாக்கி இன்னும் முன்னே தள்ளி வைத்த பிறகே கிடைத்தது.

எடை போட்ட கதை

நண்பர் தம் விமானத்தைப் பெயின்ட் அடிக்காமலே பறக்கவிட்டு, சோதனையெல்லாம் முடிந்த பிறகுதான் அடித்திருந்தார். "பெயின்ட் அடித்தபின் எடை போட்டீர்களா?" என்று கேட்டேன். "பெயின்ட் என்ன பெரிய எடை? பழைய சீட்டு இருக்கிறதே" என்றார்.

எனக்குப் பழைய ஞாபகம் வந்தது. பணியில் சேர்ந்த புதிதில் ஓர் இயந்திரத்தை வேகனில் ஏற்றி அனுப்பினோம். மொத்த எடை அனுமதிக்கு உட்பட்டதுதான். ஆனால் பாரம் ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்ததை நான் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன். யார்டைத் தாண்டுவதற்குள் வேகன் தடம் புரண்டது. உயிர்ச்சேதம் இல்லை என்பது கடவுள் புண்ணியம். அதை அவருக்குச் சொன்னேன். அன்று மாலையே மூன்று தராசு இரவல் வாங்கி வந்தார்.

காற்று இறக்கையைத் தூக்கி எடையைக் குறைத்துக் காட்டும் என்பதால் ஹேங்கர் கதவை மூடினோம். எரிபொருளை வடித்தோம். ஒவ்வொரு சக்கரத்தின் கீழும் ஒரு தராசு. ரசமட்டம் வைத்து விமானத்தைப் பறக்கும் நிலையில் சமன் செய்தோம். மூக்கு நுனியிலிருந்தும் சக்கர அச்சுகளிலிருந்தும் தூக்குக்குண்டு விட்டுத் தரையில் குறித்து அளந்தோம். தூக்குக்குண்டு பிடித்தது அடியேன்.

அவர்கள் கணக்கு பவுண்டிலும் அங்குலத்திலும். நான் கிலோவுக்கும் சென்டிமீட்டருக்கும் மாற்றி, எண்களை முழுமையாக்கித் தருகிறேன். தூரமெல்லாம் மூக்கு நுனியிலிருந்து.

முன்சக்கரம்: 80 கிலோ × 60 செ.மீ. = 4,800
பின்சக்கரங்கள் இரண்டும்: 240 கிலோ × 210 செ.மீ. = 50,400
மொத்தம்: 320 கிலோ, திருப்புத்திறன் 55,200

55,200ஐ 320ஆல் வகுத்தால் 172.5 செ.மீ. அதுதான் காலி விமானத்தின் ஈர்ப்பு மையம். பழைய சீட்டில் எடை 311 கிலோ, மையம் 170.5 செ.மீ. பெயின்ட்டும், மேடுபள்ளம் நிரப்பிய பூச்சும் சேர்ந்து 9 கிலோ கூட்டி, மையத்தையும் 2 செ.மீ. பின்னால் தள்ளியிருந்தன. வால் பக்கத்துப் பூச்சுதான் முக்கியக் குற்றவாளி. மையத்திலிருந்து 3 மீட்டர் தள்ளி 2 கிலோ கூடினால், அதைச் சரிக்கட்ட 10 கிலோ பேட்டரியை 60 செ.மீ. முன்னால் நகர்த்த வேண்டும்.

பயணக் கணக்கு

விமானத்தை வடிவமைத்தவர் கொடுத்த வரம்பு: மொத்த எடை 560 கிலோவுக்கு மேல் போகக் கூடாது, மையம் 172 முதல் 182 செ.மீ.க்குள் இருக்க வேண்டும்.

காலி விமானம்: 320 × 172.5 = 55,200
இருவர்: 150 × 190 = 28,500
பெட்ரோல் 60 லிட்டர்: 43 × 140 = 6,020
கூடாரம், பெட்டிகள்: 30 × 250 = 7,500
மொத்தம்: 543 கிலோ, 97,220

வகுத்தால் 179 செ.மீ. எடையிலும் 17 கிலோ மிச்சம். "பார்த்தீர்களா!" என்று நண்பர் சிரித்தார்.

ஆனால் இந்த விமானத்தில் பெட்ரோல் தொட்டி விமானிக்கு முன்னால் இருக்கிறது. பெட்ரோல் குறையக் குறைய மூக்கு லேசாகும். தொட்டி காலியாகும் தறுவாயில் 500 கிலோ, 91,200. வகுத்தால் 182.4 செ.மீ. வரம்பைத் தாண்டிவிட்டது. அதாவது ஒழுங்காகக் கிளம்பிய விமானம், வேகம் குறைந்து தரையிறங்கும் நேரத்தில் வால் கனத்துப்போயிருக்கும். பழைய சீட்டை வைத்துப் போட்டால் இதே கணக்கு 181.3 என்று வருகிறது. யாருக்கும் சந்தேகமே வந்திருக்காது.

நண்பர் இரண்டு முறை கணக்கைப் போட்டுப் பார்த்தார். பிறகு எழுந்து போய்ப் பெட்டிகளில் 10 கிலோவைத் தனியே எடுத்து வைத்தார். 20 கிலோவோடு, பெட்ரோல் தீரும் தறுவாயிலும் மையம் 181 செ.மீ. கூடாரம் காரில் வந்த இன்னொரு நண்பரோடு போயிற்று.

இன்னும் ஒன்று. சிறிய விமானங்களில் பயணிகளை இடம் மாறி உட்காரச் சொல்வதுண்டு. "காலியாகத்தானே இருக்கிறது, இங்கே உட்கார்ந்தால் என்ன?" என்று பணிப்பெண்ணிடம் சண்டைக்குப் போகாதீர்கள். உங்களைத் துலாவின் மேல் நாலடி நடக்கச் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

மகன் ஆஷ்காஷில் இறங்கி, "அப்பா, வந்துட்டோம்" என்று போன் செய்தான். இங்கே நானும் என் மனைவியும் அன்று காலையிலிருந்து காப்பிகூடக் குடித்திருக்கவில்லை.