துறவிக்கு யார் சோறு?

பிளேன்ரீ வரட்டும், தம்பி, வடையை எடும். அந்தப் புத்தகம் ஏன் சப்பென்று போனது என்று கேட்டீர், ஆறுதலாகச் சொல்கிறேன்.

மைக்கேல் ஃபிங்கெல் 2017இல் எழுதிய 'தி ஸ்ட்ரேஞ்சர் இன் த வூட்ஸ்' கிறிஸ்தோபர் நைட் என்பவரைப் பற்றியது. அவர் 1986இல், இருபது வயதில், அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்துக் காட்டுக்குள் போனார். 27 வருடம் அங்கேயே கிடந்தார். புகை காட்டிக்கொடுத்துவிடும் என்று உறைபனியிலும் விறகுத் தீ மூட்டவில்லை. 2013இல் பிடிபட்டபோது, ஒரு முகாமில் சாப்பாடு திருடிக்கொண்டிருந்தார். அயலிலிருந்த விடுமுறை வீடுகளில் ஏறக்குறைய ஆயிரம் தடவை களவெடுத்துத்தான் அவ்வளவு காலமும் சீவித்திருக்கிறார்.

ஃபிங்கெல் சிறையில் அவரை ஒன்பது தடவை சந்தித்தார். தனிமையில் கண்ட ஞானம் என்ன என்று துருவினார். நன்றாக நித்திரை கொள்ள வேண்டும் என்பதற்கு மேல் பெரிதாக ஒன்றும் வரவில்லை. பிறகென்ன, உலகத்துத் துறவிகளையெல்லாம் அழைத்துவந்து பக்கங்களை நிரப்புகிறார். களவு கொடுத்தவர்களும் வருகிறார்கள்தான். ஆனால் நூலின் மனம் காட்டுக்குள்ளேயே நிற்கிறது.

இனி எங்கட பக்கத்துச் சாமிமாரைப் பாரும். யோகர் சுவாமி இரணைமடுவில் பார்த்த களஞ்சிய வேலையை விட்டு, நல்லூர்த் தேரடிச் செல்லப்பா சுவாமியிடம் போனார். பிறகு கொழும்புத்துறையில் இலுப்பை மரத்தடியில் இருந்தார். ஊர்ச்சனம் கொட்டில் கொடுத்தது. 1964இல் சமாதியடையும் வரை அவர் ஏசினாலும் துரத்தினாலும் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். இங்கே பக்கத்தில் தொண்டைமானாற்றுச் சந்நிதிக் கோயிலில் ஜேர்மன் சுவாமி வாழ்ந்தாரே, ஐரோப்பாவிலிருந்து வந்த அவருக்கும் அன்னதானக் கந்தனின் வாசலில் இடமிருந்தது.

எங்கட சாமிமார் வீட்டைத்தான் விட்டார்கள், ஊரை விடவில்லை. பிச்சைச் சோறு வாங்கவும் ஒருவர் முகத்தைப் பார்க்கத்தானே வேண்டும்? நைட்டுக்கு அதுதான் ஏலாது. ஆள் முகம் பாராமல் சாப்பிட அவருக்குக் களவைத் தவிர வேறு வழியில்லை. துறவியென்று அவரை நிறுத்தி ஞானம் கேட்ட இடத்திலேயே நூல் பிழைத்துவிட்டது.

வாசிக்க வேண்டாம் என்று சொல்லமாட்டேன். வாசித்தால், எவன் வருகிறான் என்று தெரியாமல் வருடக்கணக்கில் பயந்துகிடந்த வீட்டுக்காரர்களின் பக்கங்களில் கொஞ்சம் நின்று வாசியும். விருப்பமில்லாமலே அவருக்குச் சோறு போட்டவர்கள் அவர்கள்தான்.