பழைய பொக்லைன் வாங்கப் போறீங்களா? கன்வெர்ட்டரைப் பார்த்துட்டு முன்பணம் கொடுங்க!

இரண்டு ஏக்கர் புன்செயை நம்பியிருக்கும் வீட்டில், அண்ணனும் தம்பியும் சேர்ந்து பழைய பொக்லைன் ஒன்றை வாங்குவது இப்போது பல ஊர்களில் நடக்கிறது. வரப்பைச் சரிசெய்ய, பண்ணைக்குட்டை வெட்ட, கண்மாய் வண்டலை அள்ள, சீமைக் கருவேலத்தை வேரோடு பிடுங்க என ஊருக்குள்ளேயே மணிக்கணக்கில் வாடகை வேலை இருக்கிறது. அம்மாவின் நகை அடகுக்குப் போகும், மீதிக்குக் கடன் வாங்குவார்கள். வண்டி பார்க்கப் போகிறவர்கள் டயரைப் பார்ப்பார்கள், இன்ஜின் சத்தத்தைக் கேட்பார்கள், பூம் பின்கள் ஆடுகிறதா என்று அசைத்துப் பார்ப்பார்கள். புது பெயின்ட் அடித்திருந்தால் மனசு பாதி இறங்கிவிடும். இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்திருக்கும் டார்க் கன்வெர்ட்டரைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு.

இரண்டாவது தவணை கட்டி முடித்திருப்பார்கள். இன்ஜின் உறுமும், பக்கெட் தூக்கும், ஆனால் மண் குவியலில் முட்டினால் வண்டி நகராது. கன்வெர்ட்டரை மாற்ற இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே பிரித்தாக வேண்டும். பொருள் விலை, கூலி, ஆயில் எல்லாம் சேர்ந்து கையைக் கடிக்கும். வண்டி பட்டறையில் நிற்கும் நாளிலும் தவணைத் தேதி நிற்காது.

(பொக்லைன் என்பது ஒரு பிரெஞ்சு கம்பெனியின் பெயர், ஜே.சி.பி என்பது ஓர் ஆங்கிலேயக் கம்பெனியின் பெயர். நம் ஊரில் இரண்டுமே இயந்திரத்துக்கான பொதுப்பெயராகிவிட்டன. முன்பக்கம் அகலமான பக்கெட்டும் பின்பக்கம் தோண்டும் கையும் உள்ள டயர் வண்டியைத்தான் இங்கே சொல்கிறோம். கம்பெனி எதுவானாலும் சங்கதி ஒன்றுதான்.)

இரண்டு மின்விசிறிக் கதை

டிராக்டரில் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே கிளட்ச் பிளேட் இருக்கிறது. சக்கரம் முட்டி நின்றால் இன்ஜினும் நின்றுவிடும், இல்லாவிட்டால் பிளேட் தேயும். மண்ணில் நிமிடத்துக்கு நாலு தடவை முட்டி, பின்வாங்கி, மறுபடி முட்டும் பொக்லைனுக்கு அது சரிப்படாது. அதனால்தான் அதற்குக் கன்வெர்ட்டர்.

எதிரெதிராக இரண்டு மேசை மின்விசிறிகளை வைத்து, ஒன்றுக்கு மட்டும் கரன்ட் கொடுத்தால், அதன் காற்றில் மற்றதும் சுற்றும். கன்வெர்ட்டருக்குள் காற்றுக்குப் பதில் ஆயில். இன்ஜின் சுற்றும் இறக்கைகள் ஆயிலை வீச, அந்த வேகத்தில் கியர்பாக்ஸ் பக்கத்து இறக்கைகள் சுற்றுகின்றன. இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஸ்டேட்டர் என்று ஒன்று உண்டு. வாய்க்கால் தண்ணீரைத் திருப்பி மடைக்குள் விடப் பலகை வைப்போமே, அந்த வேலைதான் இதற்கு. திரும்பி வரும் ஆயிலைச் சரியான திசைக்கு மாற்றி, இன்ஜினுக்கு உதவியாக விடுகிறது. சக்கரம் நின்றிருக்கும்போது இன்ஜினின் முறுக்குவிசை இரண்டு மடங்கு, இரண்டரை மடங்கு என்று கூடிப்போவது இதனால்தான். ஜெர்மனியில் ஹெர்மன் ஃபட்டிங்கர் என்ற பொறியாளர் கப்பலுக்காக யோசித்து 1905-ல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. இன்று கண்மாய்க் கரையில் வேலை செய்கிறது.

ஸ்டேட்டர் ஒரு பக்கம் மட்டும் சுற்றும், மறுபக்கம் பூட்டிக்கொள்ளும். சைக்கிள் பின்சக்கரத்து ஃப்ரீவீல் மாதிரி. அந்தப் பூட்டு தேய்ந்து வழுக்கினால் மண் தள்ளும் பலம் போய்விடும், ஆனால் ரோட்டில் வண்டி சும்மா ஓடும்போது ஒன்றும் தெரியாது. விற்பவர் 'ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க' என்று தார் ரோட்டில் மட்டும் ஓட்டிக் காட்டினால் உஷாராக வேண்டியது இதனால்தான். பூட்டு இரண்டு பக்கமும் இறுகிப்போனால் கதை தலைகீழ். மண் தள்ளும், ஆனால் ரோட்டில் வேகம் எடுக்காது, ஆயில் கொதிக்கும்.

வாங்கும் இடத்தில் என்ன பார்ப்பது?

காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போதே போய்விடுங்கள். ஏற்கெனவே ஸ்டார்ட் செய்து சூடேற்றி வைத்திருந்தால், அதற்குக் காரணம் கேளுங்கள். முதலில் டிரான்ஸ்மிஷன் ஆயிலின் அளவுக்கம்பியை உருவி மோந்து பாருங்கள். கருகல் வாடை வந்தால் அந்த ஆயில் அளவுக்கு மீறிச் சூடேறியிருக்கிறது. பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. விரலில் தேய்த்து வெயிலில் பாருங்கள். வெள்ளி மினுமினுப்பு தெரிந்து, அது காந்தத்தில் ஒட்டாவிட்டால் அலுமினியம். கன்வெர்ட்டர் உள்ளே உரசுகிறது என்று சந்தேகப்படலாம். கறுப்புத் தூள் என்றால் கியர்பாக்ஸ் கிளட்ச் பிளேட்டுகள் தேய்கின்றன. எட்டு, பத்து வருஷ வண்டியில் ஆயில் மட்டும் நேற்று ஊற்றியது போலப் பளிச்சென்று இருந்தால், அதையும் நம்பிவிட வேண்டாம். ஃபில்டரைக் கழற்றி வெட்டிப் பார்க்கச் சம்மதிப்பாரா என்று கேளுங்கள். புது ஃபில்டர் விலையை நீங்களே கொடுத்துவிடலாம், நஷ்டமில்லை.

அடுத்தது மண் குவியல். முதல் கியரில் குவியலுக்குள் முட்டித் தள்ளச் சொல்லுங்கள். நல்ல வண்டி நுழையும், மண் கெட்டியாக இருந்தால் சக்கரம் வழுக்கிச் சுற்றும். இன்ஜின் நன்றாகச் சுற்றியும் வண்டி அசையாமல், சக்கரமும் சுற்றாமல் நின்றால் கோளாறு இருக்கிறது. அப்போது பக்கெட்டைத் தூக்கிப் பாருங்கள். பக்கெட்டும் சோர்வாகத் தூக்கி, இன்ஜினும் திணறினால் டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர், இன்ஜின் பக்கம் தேட வேண்டும். பக்கெட் விறுவிறுவென்று தூக்கி, நகர்வது மட்டும் சோர்ந்திருந்தால் கன்வெர்ட்டர் அல்லது கியர்பாக்ஸ்.

இரண்டில் எது என்று பிரித்துச் சொல்வது ஸ்டால் சோதனை. இதை மெக்கானிக்தான் செய்ய வேண்டும். காலி மைதானம், வண்டிக்கு முன்னும் பின்னும் ஆளே இருக்கக் கூடாது. ஆயில் சூடான பிறகு, பிரேக்கை முழுசாக மிதித்து, கையேடு சொல்லும் கியரில் போட்டு ஆக்ஸிலரேட்டரை முழுக்கக் கொடுக்க வேண்டும். சக்கரம் நிற்கும், இன்ஜின் ஓர் அளவு வரை ஏறி அங்கேயே நிற்கும். அந்த ஆர்.பி.எம்மைக் குறித்துக்கொண்டு உடனே காலை எடுத்துவிட வேண்டும். பத்து விநாடிக்கு மேல் போனால் நல்ல கன்வெர்ட்டரும் வெந்துவிடும். பிறகு நியூட்ரலில் ஆற விட வேண்டும். கையேட்டில் உள்ள அளவைவிட ஆர்.பி.எம் மிகவும் குறைவு, ஆனால் இன்ஜினில் குறையில்லை என்றால் ஸ்டேட்டர் பூட்டு போய்விட்டது. அளவைத் தாண்டி ஏறினால் கியர்பாக்ஸ் கிளட்ச் வழுக்குகிறது, அல்லது ஆயில் பற்றவில்லை.

'அதெல்லாம் எதுக்குண்ணே, வண்டி ராஜா மாதிரி ஓடுது' என்பார் புரோக்கர். 'ராஜாவா இருந்தா பத்து விநாடி பொறுக்கட்டும் தம்பி' என்று சொல்லத் தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள். அவருக்குக் கொடுக்கும் ஒருநாள் கூலி வீண்போகாது. அவர் புரோக்கருக்கு வேண்டியவராக மட்டும் இருக்கக் கூடாது.

மாற்றும் நிலை வந்தால்

கன்வெர்ட்டர் நாலு விதமாகக் கிடைக்கும்: கம்பெனிப் பொருள், வேறு தயாரிப்பாளரின் பொருள், உடைப்பு வண்டியில் கழற்றியது, பிரித்துச் சரிசெய்த ரீகண்டிஷன். உடைப்பு வண்டிப் பொருளைத் தொடாமல் இருப்பதே நல்லது. அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று கடைக்காரருக்கும் தெரியாது.

ரீகண்டிஷன் கெட்டதல்ல. ஒழுங்காகச் செய்தால் பல வருஷம் உழைக்கும். ஒட்டவைத்து மூடிய கன்வெர்ட்டராக இருந்தால் லேத்தில் வெட்டிப் பிரித்து, கழுவி, ஸ்டேட்டர் பூட்டு, பேரிங், சீல் மாற்றி, மறுபடி வெல்டு வைப்பார்கள். போல்ட்டில் பூட்டியதாக இருந்தால் வெட்டும் வேலை இல்லை. எதுவானாலும், காற்றழுத்தம் கொடுத்துக் கசிவு பார்த்தீர்களா, பேலன்ஸ் பார்த்தீர்களா, பழைய பேரிங்கை வைத்திருக்கிறீர்களா என்று கேளுங்கள். பேலன்ஸ் இல்லாத கன்வெர்ட்டர் அதிர்ந்து அதிர்ந்து, பக்கத்தில் உள்ள ஆயில் சீலையும் பம்ப் புஷ்ஷையும் தின்றுவிடும். பில்லும், எத்தனை மாதம் உத்தரவாதம் என்பதும் எழுத்தில் வேண்டும்.

அளவு ஒன்றாக இருப்பதால் மட்டும் பொருந்திவிடாது. வெளிவட்டம் அச்சாக ஒன்றுபோல இருந்தாலும், உள்ளே இறக்கைகளின் கோணம் மாறினால் ஸ்டால் ஆர்.பி.எம் மாறிவிடும். அமெரிக்காவில் கார்களை வேகத்துக்காக மாற்றுகிறவர்கள், இன்ஜினுக்குத் தகுந்தாற்போல் ஸ்டால் கூடின கன்வெர்ட்டரை வேண்டுமென்றே தேடிப் போடுவார்கள். கூடவே பெரிய ஆயில் கூலரும் வைப்பார்கள், ஏனென்றால் சூடு அதிகம். பொக்லைனுக்கு அந்த ஆசை வேண்டாம். கியர்பாக்ஸில் ஒட்டியிருக்கும் தகட்டைப் போட்டோ எடுத்து, அந்த எண்ணுக்கு உரியதையே வாங்குங்கள்.

பொருத்தும்போது பட்டறைகளில் அதிகம் விட்டுப்போவது கூலரைக் கழுவுவது. பழைய கன்வெர்ட்டரின் தூள் ஆயில் கூலரிலும் ஹோஸ்களிலும் தங்கியிருக்கும். அதை அப்படியே விட்டுவிட்டுப் புதியதை மாட்டினால், முதல் நாளே அந்தத் தூள் புதியதற்குள் போய்விடும். கழுவிச் சுத்தமாகாத கூலரை மாற்றிவிட வேண்டியதுதான். இன்னொன்று, கன்வெர்ட்டரின் கழுத்து ஆயில் பம்பின் பள்ளத்தில் முழுசாக உட்கார்ந்த பிறகே போல்ட் முடுக்க வேண்டும். உட்காராமல் போல்ட்டால் இழுத்தால் பம்ப் உடையும். ஆயில் விட்டு ஓட்டியபின் ஐம்பது மணி நேரத்துக்குள் ஃபில்டரை மாற்றி, கழற்றியதை வெட்டிப் பாருங்கள்.

டிரைவரிடம் சொல்ல வேண்டியவை

மண் தள்ளுவது முதல் கியரிலோ இரண்டாவதிலோ மட்டும். மூன்றாவதில் போட்டுத் தள்ளினால் வேலை சீக்கிரம் முடிவதுபோலத் தோன்றும், உள்ளே ஆயில்தான் கொதித்துக்கொண்டிருக்கும். முன்னால் போய்க்கொண்டிருக்கும்போதே ரிவர்ஸ் போடுவதை விட வேண்டும், ஒரு நொடி நின்று போடச் சொல்லுங்கள். பக்கெட்டை நிரப்பித் தூக்கும்போது, லீவரில் டிரைவைத் துண்டிக்கும் பட்டன் இருந்தால் அதை அழுத்தினால் இன்ஜின் பலம் முழுக்க ஹைட்ராலிக்குக்குப் போகும். பல வண்டிகளில் அந்தப் பட்டன் புழுதி படிந்து கிடக்கிறது. சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டால் வண்டியை உடனே ஆஃப் செய்யாமல், நியூட்ரலில் போட்டு மெதுவாக ஓடவிட வேண்டும். அப்போதுதான் ஆயில் கூலருக்குள் சுற்றி ஆறும்.

வழியில் நின்றுபோன வண்டியை டிராக்டரில் கட்டி இழுக்கிறார்களே, அதிலும் ஒரு சங்கதி உண்டு. இன்ஜின் ஓடாவிட்டால் பம்ப் ஓடாது, கியர்பாக்ஸுக்குள் ஆயில் போகாது. சக்கரம் மட்டும் சுற்றச் சுற்ற உள்ளே வறண்டு தேயும். ஸ்டீயரிங்கும் கல்லாகக் கனக்கும். வயலை விட்டு மேட்டுக்கு ஏற்றும் தூரம் போக, அதற்குமேல் இழுக்க வேண்டியிருந்தால், சக்கரங்களுக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டுகளைக் கழற்றிவிட்டு இழுங்கள். கழற்றும் முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்துவிடுங்கள், ஷாஃப்ட் போனதும் சில வண்டிகளில் ஹேண்ட் பிரேக் பிடிக்காது.