சூரைக்கும் கொடுவாவுக்கும் ஒரு வரவு செலவு

கோவளத்திலோ மாமல்லபுரத்திலோ கரையேறும் ஒரு கொடுவாவையும் ஒரு சூரையையும் குறுக்கே வெட்டினால் வித்தியாசம் கண்ணிலேயே தெரியும். கொடுவாவில் ஏறக்குறைய எல்லாமே வெள்ளைச் சதை; பக்கவாட்டில், தோலுக்கு அடியில் மட்டும் மெல்லிய சிவப்புப் பட்டை. சூரையில் அந்தச் சிவப்பு தடித்து, நடுமுள் வரை போகிறது. ரத்தம் கட்டியது என்று சிலர் அதை அரிந்து எறிகிறார்கள். கட்டிய ரத்தமல்ல அது. ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் மையோகுளோபினின் நிறம்.

தசைக்குச் செலவுப் பணம் ஏடிபி. வெள்ளை இழையில் லாக்டேட் டிஹைட்ரஜனேஸ் என்ற நொதி மிகுதி. ஆக்சிஜனுக்குக் காத்திராமல், கிளைக்கோஜனின் ஒரு குளுக்கோஸ் அலகிலிருந்து 3 ஏடிபி எடுத்துவிடும். மிச்சம் 2 லாக்டேட். சிவப்பு இழையில் மைட்டோகாண்ட்ரியாவும் சிட்ரேட் சின்தேஸ் நொதியும் அதிகம். அதே அலகுக்கு அங்கே சுமார் 31. கொழுப்பை எரித்தால், ஒரு பால்மிட்டிக் அமில மூலக்கூறுக்கு 106. எடைக்கு எடை குளுக்கோஸைப் போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு. ஆனால் 23 ஆக்சிஜன் மூலக்கூறுகள் வேண்டும். குளுக்கோஸுக்கு 6 போதும்.

பத்தில் ஒரு பங்கு வரும்படிக்கு வெள்ளைச் சதை எதற்கு? வேகத்துக்கு. கொடுவா பதுங்கிப் பாய்ந்து இரை பிடிக்கிற மீன். சூரையால் நிற்கவே முடியாது. நின்றால் செவுளுக்கு நீர் வராது; அந்த ஓயாத நீச்சலுக்குத்தான் சிவப்புச் சதை. இத்தனைக்கும் அதன் வெள்ளைச் சதை இளைத்ததல்ல. இயற்கையில் அறியப்பட்ட உச்ச அளவு லாக்டேட் டிஹைட்ரஜனேஸ் வரிச்சூரையின் வெள்ளைச் சதையில்தான் என்று 1978-இல் கப்பி, ஹோச்சாச்கா இருவரும் எழுதினார்கள்.

செலவு கரையில் தெரியும். சூரையின் சதையில் ஹிஸ்டிடின் அதிகம். சூடு ஆறாமல் கிடந்தால் பாக்டீரியா அதை ஹிஸ்டமின் என்ற நச்சாக மாற்றும். குழம்பு எவ்வளவு கொதித்தாலும் அது போகாது. ஹிஸ்டமினுக்கு, பன்னாட்டு உணவுத் தர அமைப்பான கோடெக்ஸின் வரம்பு கிலோவுக்கு 200 மில்லிகிராம். 30 டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ மீனை 0 டிகிரிக்கு இறக்க ஏறத்தாழ 26 கிலோகலோரி வெப்பத்தை எடுக்க வேண்டும். ஒரு கிலோ ஐஸ் உருகினால் 80 எடுக்கும். காகிதத்தில் 330 கிராம் போதும். நம் வெயிலில், பெட்டிக்குள் புகும் சூட்டையும் சேர்த்தால், கிலோவுக்குக் கிலோ போடுவதே சரி. ஐஸில் மிச்சம் பிடிப்பது மட்டமான சிக்கனம்.

சூரை வாங்குகிறவர்கள் விலை கேட்பதற்கு முன், ஐஸ் எப்போது போட்டது என்று கேளுங்கள்.