20 யூனிட் எப்போது 50 ஆகிறது?

பேனா இன்சுலினை விட்டுக் குப்பிக்கு மாறச் சொல்லப்பட்ட வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். கையிலிருக்கும் கார்ட்ரிட்ஜ் மாதக் கடைசியில் தீர்ந்துவிடும், அதற்குள் பதில் வேண்டும் என்கிறார்கள். "டோஸ் மாறாது, ஊசி மட்டும்தான் மாறும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பேனாவில் 100 என்றும் குப்பியில் 40 என்றும் போட்டிருக்கிறதே?" என்பதுதான் கடிதங்களின் சாரம்.

டோஸ் மாறாது என்பது சரிதான். ஆனால் அதோடு பேச்சை முடித்துக்கொள்வது ஆபத்து. லேபிளில் பொடி எழுத்தில் இருக்கும் '40 ஐயு/எம்எல்', ஒரு மில்லி திரவத்தில் 40 யூனிட் மருந்து இருப்பதைக் குறிக்கிறது. பேனா கார்ட்ரிட்ஜில் அதே ஒரு மில்லியில் பெரும்பாலும் 100 யூனிட் இருக்கும். பேனாவில் எண்ணைத் திருகினால் போதும், கணக்கை அதுவே பார்த்துக்கொள்ளும். குப்பிக்கு வந்ததும் அந்தப் பொறுப்பு சிரிஞ்சுக்குப் போகிறது.

சிக்கலும் அங்கேதான். இன்சுலின் சிரிஞ்சில் உள்ள கோடுகள் மில்லியைக் காட்டுவதில்லை, யூனிட்டைக் காட்டுகின்றன. மருந்தின் அடர்த்தி இதுதான் என்று முன்கூட்டியே வைத்துக்கொண்டு போட்ட கோடுகள் அவை. சிவப்பு மூடி சிரிஞ்ச் 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. மருந்துக் கடையில் இரண்டும் கிடைக்கும்.

20 யூனிட் போடவேண்டியவரை எடுத்துக்கொள்வோம். 40 குப்பி, சிவப்பு மூடி என்றால் 20-ஆம் கோட்டில் அரை மில்லி ஏறும், சரியான அளவு. அதே குப்பிக்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சை எடுத்தால் 20-ஆம் கோட்டில் ஏறுவது 0.2 மில்லிதான். உடம்புக்குள் போவது 8 யூனிட், சர்க்கரை இறங்காது. இதைவிட மோசம், 100 குப்பிக்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். அரை மில்லியில் 50 யூனிட் போய்விடும், இரண்டரை மடங்கு. எல்லா முறையும் அவர் நிறுத்தியது 20-ஆம் கோட்டில்தான் என்பதால் பக்கத்தில் நின்று பார்ப்பவருக்கும் தவறு தெரியாது. 100 குப்பி அரிதானதும் அல்ல. கிளார்ஜின் போன்ற இன்சுலின்கள் பெரும்பாலும் அந்த அடர்த்தியில்தான் வருகின்றன.

பிரிட்டன் 1983-லேயே 100 என்ற ஒரே அடர்த்திக்கு மாறிக்கொண்டது. நாம் இரண்டையும் வைத்துக்கொண்டு, 'லேபிளைப் படியுங்கள்' என்று நோயாளியிடம் சொல்கிறோம். இங்கிலீஷ் படிக்கத் தெரியாத, கண் மங்கிய முதியவரிடம் இப்படிச் சொல்வதை எச்சரிக்கை என்று என்னால் ஏற்க முடியவில்லை.

மருந்துச் சீட்டிலும் இதே கதை. மருந்தின் பெயரைத் தெளிவாக, முடிந்தவரை பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று மருத்துவக் கவுன்சில் 2016-ல் விதி கொண்டுவந்தது. ஆனால் உயிர் போவது பெயரில் மட்டுமல்ல, எண்ணிலும்தான். 10-ஐ அடுத்து யூனிட்டைக் குறிக்க அவசரத்தில் கிறுக்கிய ஆங்கில 'யு' சுழியமாகத் தெரிந்தால் 10 யூனிட் 100 ஆகிவிடும். '1.0' என்பதில் புள்ளி மங்கினால் 10. '.5' என்பதில் மங்கினால் 5. அமெரிக்க மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் ஜாயின்ட் கமிஷன் இவற்றை 2004-லேயே 'எழுதக் கூடாதவை' பட்டியலில் சேர்த்துவிட்டது.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக:

பேனா கார்ட்ரிட்ஜிலிருந்து சிரிஞ்சில் உறிஞ்சலாமா? கூடாது.

எம்சிஜி, எம்ஜி ஒன்றா? இல்லை, 1,000 எம்சிஜி சேர்ந்தால்தான் 1 எம்ஜி.

அளவு கூடிவிட்டால்? வியர்வை, நடுக்கம் வந்தால் உடனே குளுக்கோஸ் அல்லது சர்க்கரை கொடுத்து மருத்துவமனைக்குப் போங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள்.

குப்பி வாங்கும்போதே சிரிஞ்சையும் கேட்டு வாங்கி, இரண்டிலும் ஒரே எண் இருக்கிறதா என்று கவுன்டரிலேயே பார்த்துவிடுங்கள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது 'யூனிட்' என்பதை முழுதாக எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். கேட்கத் தயங்க வேண்டாம்.