பள்ளிக்கு வரும் மனநலப் பணியாளர்

இங்கிலாந்தின் பல பள்ளிகளில் இப்போது கல்வி மனநலப் பணியாளர் என்று ஒருவர் வருகிறார். அவர் ஆசிரியர் இல்லை, மருந்து எழுதும் டாக்டரும் இல்லை. பெரும்பாலும் என்.எச்.எஸ். என்ற அரசு சுகாதாரச் சேவையில் சம்பளம் வாங்குபவர். வாரத்தில் அரை நாளோ ஒரு நாளோ பள்ளிக்கு வந்து, கிடைக்கிற அறையில் உட்கார்ந்து பிள்ளைகளையும் பெற்றோரையும் சந்திக்கிறார்.

இந்த வேலை பிறந்ததற்குக் காரணம் காத்திருப்பு. ‘கேம்ஸ்’ என்று அங்கே அழைக்கப்படும் குழந்தைகள் மனநலச் சேவையில் இடம் கிடைக்கப் பல மாதங்கள் ஆகும். சிறிய அளவில் தொடங்கிய பயம் அதற்குள் முற்றிவிடும். முற்றும் முன்பே, பிள்ளை இருக்கும் இடத்திலேயே உதவ வேண்டும் என்று 2017 டிசம்பரில் அரசு ஒரு திட்டத்தை முன்வைத்தது. அடுத்த ஆண்டு 25 பகுதிகள் தேர்வாயின. 2019 தொடக்கத்தில் முதல் அணி பயிற்சியில் சேர்ந்தது. பயிற்சி ஓராண்டு, படிக்கும்போதே சம்பளமும் உண்டு, பள்ளியில் வேலையும் உண்டு. இத்தகைய பணியாளர்கள் கொண்ட ஒரு குழு ஏறத்தாழ 8,000 மாணவர்களைக் கவனிக்க வேண்டும் என்பது திட்டம். 2029-30க்குள் எல்லாப் பள்ளிகளுக்கும் இதைக் கொண்டுபோவதாக அரசு சொல்லியிருக்கிறது.

லேசான அல்லது நடுத்தரமான பதற்றம், கவலை, மனச்சோர்வு, சிறு பிள்ளைகளின் அடங்காத நடத்தை ஆகியவைதான் இவர் கையில் எடுப்பவை. பெரும்பாலும் ஆறு முதல் எட்டுச் சந்திப்புகள். அடிப்படை, சி.பி.டி. எனப்படும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையின் எளிய வடிவம்.

தொடக்கப் பள்ளி வயதுப் பிள்ளைக்குப் பதற்றம் என்றால், பணியாளர் பல நேரங்களில் பிள்ளையைவிடப் பெற்றோரைத்தான் அதிகம் சந்திப்பார். பெற்றோருக்கு இது வியப்பாக இருக்கும். “பயப்படுவது என் மகன், என்னை ஏன் கூப்பிடுகிறீர்கள்?” நியாயமான கேள்விதான். கேத்தி கிரெஸ்வெல் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் ரெடிங்கிலும் ஆக்ஸ்போர்டிலும் பெற்றோர் வழியாக உதவும் இந்த முறையை வளர்த்தெடுத்து ஆராய்ந்தார்கள். காரணம் எளிது: பணியாளர் ஒரு குடும்பத்தோடு இருப்பது வாரத்தில் ஒரு மணி நேரம்தான். பயம் தலைதூக்கும் வேளையில் பக்கத்தில் இருப்பது அம்மாவோ அப்பாவோதான்.

எட்டு வயதுப் பையன் ஒருவன் வகுப்பில் வாய் திறக்கப் பயப்படுகிறான் என்று வைத்துக்கொள்வோம். உறவினர் கேட்கும் கேள்விக்கும் அம்மாவே பதில் சொல்லிவிடுகிறார். அவனிடம் கேள்வி கேட்க வேண்டாம் என்று ஆசிரியரிடமும் சொல்லி வைத்திருக்கிறார். எல்லாம் பாசத்தால் செய்வது, அந்த நேரத்துக்கு நிம்மதியும் தருகிறது. ஆனால் பேசினால் உண்மையில் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பு அவனுக்கு வருவதேயில்லை. பயம் அப்படியே இருக்கிறது.

பணியாளர் அம்மாவோடு உட்கார்ந்து சின்னச் சின்னப் படிகளாகத் திட்டம் போடுகிறார். முதலில் கடைக்காரரிடம் அவனே பால் கேட்பது. அப்புறம் ஆசிரியரிடம் தனியாக ஒரு கேள்வி. பிறகு இரண்டு நண்பர்கள் முன்னால் வாசிப்பது. வகுப்பில் கை தூக்குவது கடைசியில். ஒவ்வொரு படிக்கும் முன்னால் “பயப்படாதே, ஒன்றும் ஆகாது” என்று சொல்வதை அம்மா குறைத்துக்கொள்ள வேண்டும். “என்னடா நடக்கும்னு நினைக்கிற?” என்று கேட்க வேண்டும். எல்லாரும் சிரிப்பார்கள் என்பான். முடிந்த பிறகு, “என்ன நடந்துச்சு?” நினைத்ததும் நடந்ததும் வேறு வேறு என்று அவன் வாயாலேயே வரும்போது ஏற்படும் மாற்றத்தை ஆயிரம் ஆறுதல் வார்த்தைகளாலும் கொண்டுவர முடியாது. இந்த வேலையிலேயே எனக்கு மிகவும் மதிப்பாகத் தெரிவது இதுதான்: பணியாளர் விலகிய பிறகும் உதவத் தெரிந்த ஆள் வீட்டிலேயே இருக்கிறார்.

பதின்வயதினரோடு நேரடியாகப் பேசுவார்கள். மனம் சோர்ந்த பிள்ளை விளையாட்டை விடுகிறது, நண்பர்களை விடுகிறது, விட விட இன்னும் சோர்கிறது. அதனால் மனம் சரியாகட்டும் என்று காத்திராமல், தனக்கு முக்கியமான ஒரு சின்னச் செயலை முதலில் திரும்பத் தொடங்கச் சொல்வார்கள். இவை தவிர ஆசிரியர்களுக்குப் பயிற்சி, தேர்வுக் காலப் பயிலரங்கம், பள்ளியின் மனநலப் பொறுப்பாசிரியருக்கு ஆலோசனை ஆகியவையும் உண்டு.

பேசுவது இரகசியமாக இருக்கும். ஆனால் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்று தெரிந்தால் வெளியே சொல்லியே ஆக வேண்டும். இதை முதல் சந்திப்பிலேயே பிள்ளையிடம் சொல்லிவிடுவார்கள். தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் இருக்கிறதா என்றும் தயங்காமல் கேட்பார்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. நிலைமை கடுமையாக இருந்தால் மேற்பார்வையாளரிடம் பேசி, சிறப்புச் சேவைக்கு அனுப்புவார்கள்.

அங்கேதான் இந்த ஏற்பாட்டின் பெரிய ஓட்டையும் இருக்கிறது. எட்டுச் சந்திப்புக்குள் அடங்காத, ஆனால் கேம்ஸ் எடுத்துக்கொள்ளும் அளவுக்குக் கடுமையாகாத பிள்ளைகள் நடுவில் நிற்கிறார்கள். அவர்களுக்கு எந்தக் கதவும் எளிதில் திறப்பதில்லை. குழுக்களின் எண்ணிக்கையை மட்டும் கூட்டினால் இது தீராது. நீண்ட நாள் சிகிச்சை தரக்கூடியவர்களையும் கூடவே நியமிக்க வேண்டும்.

லண்டனின் ஹாரோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் வாழும் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை இப்படி ஒருவரைப் பார்த்தால் பல்கலைக்கழக விண்ணப்பத்தோடு அந்தத் தகவல் போய்விடும் என்று அஞ்ச வேண்டாம், போவதில்லை. ஆங்கிலம் சரளமாக வராவிட்டால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், என்.எச்.எஸ். சேவையில் அதற்குக் கட்டணம் இல்லை. பிள்ளையையே மொழிபெயர்க்க வைக்காதீர்கள், தன் பயத்தைத் தானே அம்மாவுக்கு எடுத்துச் சொல்வது எந்தப் பிள்ளைக்கும் பாரம். மனநலப் பொறுப்பு எந்த ஆசிரியரிடம் இருக்கிறது, பள்ளிக்கு இந்தக் குழு வருகிறதா என்று பள்ளி அலுவலகத்தில் விசாரியுங்கள். வருகிறதென்றால் அந்த ஆசிரியரிடம் பேசித் தொடங்கலாம். இல்லையென்றால் குடும்ப டாக்டரிடம் போகலாம்.