வெள்ளம் வடிந்த வீட்டிற்குள் நுழையும் முன்

2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும், அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களிலும் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இத்தகைய நாட்களுக்குப் பின் காய்ச்சலோடு எங்களிடம் வருபவர்களில் பலர், நீர் வடிந்தபின் வீட்டைக் கழுவியவர்கள். தண்ணீர்தான் போய்விட்டதே என்னும் நிம்மதியில் வெறுங்காலுடன் சேற்றை வாரிக் கொட்டியவர்கள்.

அந்தச் சேறு வெறும் மண் அன்று. மழைநீர் சாக்கடையையும் கழிவுநீர்த் தொட்டிகளையும் நிரப்பி வழியச் செய்து, இறந்த விலங்குகளையும் எலிகளின் சிறுநீரையும் சுமந்துகொண்டே வீட்டிற்குள் வருகிறது. மிக்ஜாமின்போது எண்ணூரில் எண்ணெயும் சேர்ந்து வந்தது. நீர் வெளியேறினாலும் அது சுமந்து வந்தவற்றில் ஒரு பகுதி அலமாரியின் அடியிலும் சுவர் விரிசலிலும் மெத்தைக்குள்ளும் தங்கிவிடுகிறது.

இவற்றுள் நாங்கள் மிகவும் அஞ்சுவது எலிக்காய்ச்சல். லெப்டோஸ்பைரா என்னும் இக்கிருமி நுழையப் பெரிய காயம் தேவையில்லை. கால்விரல் இடுக்கில் உள்ள சேற்றுப்புண், நெடுநேரம் நனைந்து ஊறிய தோல், சேறு தெறித்த கண் ஆகியவையே போதும். பெரும்பாலும் 5 முதல் 14 நாட்களுக்குள் காய்ச்சல் தொடங்குகிறது. சிலருக்கு ஒரு மாதம் வரையும் ஆகலாம். அதற்குள் வீடு காய்ந்து வாழ்க்கை பழைய நிலைக்குத் திரும்பியிருக்கும். ஆகவே காய்ச்சலையும் வெள்ளத்தையும் தொடர்புபடுத்த நோயாளிக்குத் தோன்றுவதில்லை. கடும் தலைவலி, கெண்டைக்காலைத் தொட்டாலே வலி, கண் சிவத்தல் ஆகியவை இதன் குறிகள். தொடக்கத்திலேயே கண்டால் டாக்சிசைக்ளின், பெனிசிலின் போன்ற பழைய, விலை குறைந்த மருந்துகளே குணப்படுத்திவிடும். தாமதமானால் மஞ்சள் காமாலை, சிறுநீரகச் செயலிழப்பு, நுரையீரலில் இரத்தக்கசிவு வரை செல்லும். முதல் சில நாட்களில் இரத்தப் பரிசோதனை இந்நோயைக் காட்டாமலும் போகலாம். அந்நிலையில் "பத்து நாட்களுக்கு முன் வெள்ளம் புகுந்த வீட்டைக் கழுவினேன்" என்று நீங்கள் கூறும் ஒரு வாக்கியத்தை நம்பியே சிகிச்சையைத் தொடங்குகிறோம். மருத்துவர் கேட்காவிட்டாலும் அதைக் கூறுங்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் தவிர வேறு வலிமாத்திரைகளைத் தாமாக வாங்கி உண்ண வேண்டாம்; அவை சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும்.

நீரிழிவு உள்ளவர்களுக்குத் தனியாக ஒரு சொல். கால் உணர்ச்சி குறைந்திருந்தால் சேற்றுக்குள் கிடக்கும் ஆணியும் கண்ணாடித் துண்டும் குத்தியதே தெரியாது. மண்ணில் வாழும் மெலியாய்டோசிஸ் கிருமியும் நீரிழிவு உள்ளவர்களையே அதிகம் தாக்குகிறது. சுத்தம் செய்யும் பணியை வீட்டில் வேறொருவரிடம் விட்டுவிடுவதே நல்லது. யார் செய்தாலும் முழங்கால் வரை உயர்ந்த ரப்பர் காலணியும் கையுறையும் அணியட்டும். அழுக்கான காயம் பட்டவர், கடைசியாக டெட்டனஸ் ஊசி போட்டு 5 ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தால் மீண்டும் போட்டுக்கொள்ள வேண்டும்.

வீட்டின் நிலையையும் பாருங்கள். சுவர் சாய்ந்தோ, கூரை தொய்ந்தோ இருந்தால் பொறியாளர் பார்க்கும் வரை உள்ளே செல்லாதீர்கள். தெருவில் மின்சாரம் நிறுத்தப்பட்டிருந்தாலும் இன்வெர்ட்டரில் மின்சாரம் இருக்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். ஜெனரேட்டரை வீட்டிற்குள் இயக்கினால் வெளிப்படும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. உறக்கத்திலேயே உயிர் போகும்.

ஈரம் தங்கிய இடத்தில் ஓரிரு நாட்களிலேயே பூஞ்சை படரத் தொடங்குகிறது. பொங்கலுக்கு முன் வெள்ளையடித்துவிட வேண்டும் என்னும் அவசரம் எங்களுக்கும் புரிகிறது. ஆயினும் ஈரச் சுவரின்மேல் அடித்த வண்ணம் பூஞ்சையை மறைக்குமே தவிர அழிக்காது. ஊறிய மெத்தை, தலையணை, சோபா ஆகியவற்றை வெயிலில் உலர்த்தி வைத்துக்கொள்வதைவிட அப்புறப்படுத்துவதே பாதுகாப்பு. ஆஸ்துமா உள்ளவர்கள், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள் வீடு நன்கு உலரும் வரை உறவினர் வீட்டில் தங்கட்டும்.

தரையையும் சுவரையும் முதலில் சோப்பு நீரால் கழுவி, பிறகே பிளீச்சிங் பவுடர் கரைசலால் துடையுங்கள். சேற்றின்மேல் தூவிய பவுடர் வீணாகும். அதனோடு கழிவறை ஆசிட்டைக் கலந்தால் குளோரின் வாயு எழுந்து மூச்சுக்குழாயைப் புண்ணாக்கும். வெள்ளம் புகுந்த தரைத்தொட்டியை முழுவதும் வெளியேற்றித் தேய்த்துக் கழுவிய பின், புதிதாக நிரப்பிய நீரில் 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றுங்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்தலாம். குடிக்கும் நீரைக் கொதிக்க வைத்து ஆறவிடுங்கள். எண்ணெய் வாடை வீசும் நீரை எவ்வளவு கொதிக்க வைத்தாலும் குடிக்கக் கூடாது.

வெள்ளநீர் பட்ட மாத்திரைகளையும் இன்சுலினையும், உறை பிரிக்காதவையாகத் தோன்றினாலும், பயன்படுத்த வேண்டாம். மருந்துச் சீட்டு நனைந்து அழிந்திருந்தால் எங்கள் பதிவேட்டுப் பிரிவில் நோயாளியின் பெயரையும் வயதையும் கூறி நகல் பெற்றுக்கொள்ளலாம்.